அப்பாவின் குரலும் என் அவசரமும்

2021ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் காலை. ஜெலுத்தோங் சாலையில் வாகன இரைச்சல் தொடங்கிவிட்டிருந்தது. வழக்கம்போல் கைத்தொலைபேசியில் மின்னஞ்சலைத் திறந்தேன். திறந்த கணமே அது மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடிக்கொண்டது. வேறு இரண்டொரு செயலிகளும் அவ்வாறே அடம்பிடித்தன. ‘செயலி நின்றுவிட்டது’ என்னும் அறிவிப்பு மட்டும் சலிக்காமல் வந்து என் பொறுமையைச் சோதித்தது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் தொலைபேசியிலும் அதே தொல்லை என்பது தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. தொலைபேசியில் இடம் நிறைந்துவிட்டதால் வந்த கோளாறு என்று நானே தீர்ப்புக் கூறிவிட்டேன்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது எது என்று பார்த்தேன். வாட்ஸ்அப்தான்! காலை வணக்கப் படங்களும் திருவிழாக் காணொலிகளும் மலைபோல் குவிந்திருந்தன. கோப்புகளுக்குள் புகுந்து தேடியபோது, பெயரின்றி வெறும் எண்களைத் தாங்கிய உறைகள் பல வரிசையாய் நின்றன. பயனற்றவை என எண்ணி முதலிரண்டு உறைகளை நீக்கினேன். ஒவ்வொன்றாக நீக்கும் வேலை சலிப்பூட்டவே, அமைப்புப் பகுதிக்குச் சென்று வாட்ஸ்அப்பின் சேமிப்பு முழுவதையும் அழிக்கும் கட்டளையை அழுத்தினேன். பிறகு அது என் தொலைபேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். பழையவற்றை மீட்கவா என்று கேட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று ‘தவிர்’ என்பதைத் தொட்டேன். அப்பொழுதும் மின்னஞ்சல் திறக்கவில்லை என்பதே இதில் வேடிக்கை.

அன்று மாலைதான் நான் செய்த காரியம் என்னவென்று எனக்கே விளங்கியது.

என் அப்பா கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டியவர். எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்த அவருடைய விரல்களுக்கு வராது. பேசி அனுப்பும் வசதியை என் மகன் கற்றுக்கொடுத்த நாள் முதல், நாள் தவறாமல் குரலாகவே அனுப்புவார். “தம்பி, பசியாறியாச்சா? இங்கே விடிய விடிய மழை.” இவ்வளவுதான் இருக்கும். 2021 சனவரி முதல் மாநில எல்லையைக் கடக்கத் தடை இருந்ததால், அந்தக் குரல் ஒன்றே எங்களுக்கிடையே போக்குவரத்தாய் இருந்தது. பிப்ரவரியில் அவர் மறைந்தார். காவல் நிலையத்தில் அனுமதி பெற்றுச் சென்று இறுதிக் கடனை முடித்துத் திரும்பினேன். அதன்பின் மாலைதோறும் அவர் குரலில் ஒன்றைக் கேட்பது என் வழக்கமாயிற்று.

அன்று மாலை திறந்தபோது உரையாடல் ஒன்றுகூட இல்லை. அந்தோ! என் கையாலேயே அப்பாவை இரண்டாம் முறை இழந்தேனே என்று நெஞ்சு பதறிற்று.

சந்தைக்கு அருகே தொலைபேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்டது, “அண்ணே, இன்றைக்குத்தானே அழித்தீர்கள்?” என்பதே. ஆம் என்றேன். “அப்படியானால் பயப்படாதீர்கள்” என்றார். வாட்ஸ்அப் நாள்தோறும் பின்னிரவு 2 மணியளவில் உரையாடல்களின் படியொன்றைத் தொலைபேசிக்குள்ளேயே எழுதி வைக்கிறதாம். நான் அழித்தது செயலியின் உள்ளறையை. அந்தப் படியோ வெளியறையில் பத்திரமாய் இருந்தது. செயலியை அகற்றி மீண்டும் நிறுவி, அதே எண்ணைக் கொடுத்து, இம்முறை ‘மீட்டெடு’ என்பதை அழுத்தினார். சிறிது நேரத்தில் அப்பாவின் பெயர் திரையில் தோன்றியது. கடை என்றும் பாராமல் கண்ணீர் விட்டுவிட்டேன்.

காலையில் ஏற்பட்ட கோளாற்றின் காரணத்தையும் அவரே விளக்கினார். செயலிகள் இணையப் பக்கங்களைத் தமக்குள்ளேயே காட்டுவதற்கு ஆண்ட்ராய்டில் ‘வெப்வியூ’ என்னும் பொதுவான பகுதி ஒன்று உண்டு. அதில் பிழை இருந்தமையால், அதனை நம்பியிருந்த செயலிகள் உலகின் பல நாடுகளிலும் அன்று திறந்தவுடன் மூடிக்கொண்டன. திருத்திய பதிப்பும் அன்றே வெளிவந்துவிட்டது. பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்தார், மின்னஞ்சல் திறந்துகொண்டது. என் தொலைபேசியில் இடம் இருந்ததும் இல்லாததும் இதற்குக் காரணமே அன்று!

பெற்றோர்களே, செயலி பற்றிய பக்கத்தில் இரு கட்டளைகள் அருகருகே இருக்கும். ‘கேஷ்’ என்பதை அழித்தால் தற்காலிகக் குப்பை மட்டுமே போகும். செயலி அதனைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். சேமிப்பை அல்லது தரவை அழிப்பதோ வீட்டுச் சாமான்களையெல்லாம் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். இரண்டிலும் ‘அழி’ என்றே இருப்பதால் என்போன்றோர் மயங்குவது இயல்பே. குரல் பதிவுகளை இப்பொழுது மகனுடைய கணினியிலும் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள் எண்களாக இருக்கின்றன, தேடுவது எளிது.

எண்களைத் தாங்கிய அந்த இரண்டு உறைகளை மறந்துவிடவில்லை. அவற்றின் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிப்பவையாம். 2020 சூலையில் இரு வாரங்கள் அப்பா பேசியவை அவற்றில் இருந்தன. உரையாடல் பட்டியலில் அவற்றின் அடையாளம் மட்டும் வரிசையாய் நிற்கிறது. எத்தனை வினாடிகள் பேசினார் என்பதுகூடத் தெரிகிறது. ஒன்று 14 வினாடி. அதைத் தொட்டால், கோப்பு இல்லை என்கிறது தொலைபேசி. அன்று மழையைப் பற்றிச் சொன்னாரா, என் மகனின் படிப்பைக் கேட்டாரா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.