மூலையில்லாத ‘ப’

“‘ப’வுக்கு மூலை எங்கடா?”

கேட்டபடி வாத்தியார் என் சிலேட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். பர்மிய எழுத்திலும் ‘ப’ உண்டு. அதே ஒலி, அதே மேல்வாய் திறந்த வடிவம். ஆனால் உருண்டையாக இருக்கும். ரங்கூனில் நாலாவது வரை உருட்டிப் பழகிய கை, எண்ணூருக்கு வந்து சதுரம் போட மறுத்தது.

1964-ல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. அப்பாவின் அரிசிக்கடை போயிற்று, கப்பலேறினோம். அப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். மெட்ராஸில் இறங்கி மூச்சுவிடுவதற்குள் 1965 ஜனவரி. இந்தி எதிர்ப்பில் ஊரே கொதித்தது. தமிழுக்காகத் தீக்குளித்தார்கள். அந்த ஊரில், வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த நான், தமிழ் எழுதத் தெரியாமல் ஒன்பது வயதில் இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே இந்தியன் என்று இளக்காரமாகக் ‘கலா’ என்றார்கள், இங்கே ‘பர்மாக்காரன்’.

1968-ல் இருமொழிக் கொள்கை வந்தது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் எனக்குச் சோறு போட்டன, குறை சொல்ல மாட்டேன். கையில் கொண்டுவந்த இன்னொன்றைப் பற்றித்தான் யாரும் விசாரிக்கவில்லை. அப்பாவுக்கோ அதைக் கேட்டாலே ஆகாது. “விரட்டினவன் பாஷை இந்த வீட்டுல வேணாம்.” ஆனால் அம்மா செய்த பர்மிய மொய்ங்காவை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்! அத்தோ நூடுல்ஸும் மொய்ங்காவும் பீச் ஸ்டேஷன் எதிரிலும் வியாசர்பாடியிலும் ஊன்றிவிட்டன. எழுத்துதான் ஊன்றவில்லை.

பர்மாவில் எழுத்துகளுக்குச் செல்லப்பெயர் உண்டு. பெரிய க, வட்ட வ. கன்னத்தில் தனக்காச் சாந்து பூசிய சயாமா, எங்கள் டீச்சர், முன்னால் சொல்ல, நாங்கள் கூரை அதிரத் திருப்பிச் சொல்வோம். அந்த இரைச்சல்தான் வேண்டும் எனக்கு. பர்மா திரும்பக் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த வாரம், “யே… யே…” என்று முனகிக்கொண்டே இருந்தார்.

“யாரைக் கூப்பிடுறாங்க?” என்றாள் என் மனைவி.

பர்மியத்தில் ‘யே’ என்றால் தண்ணீர். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன்.