சிங்கராஜாவில் கண்ட இரண்டு தாய்மார்

2018இல் எங்கள் கிராமத்து மாதர் சங்கம் சிங்கராஜ வனத்துக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்தபோது, நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். காடு என்றால் எனக்கு 2009தான் நினைவுக்கு வரும். இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு பதுங்கிக் கிடந்த காடு. "அது வேற காடு, வா பிள்ளை" என்று பக்கத்து வீட்டு மாமி கையைப் பிடித்து வானில் ஏற்றிவிட்டார்.

கிளிநொச்சியில் இரவு புறப்பட்டு, இரத்தினபுரி, கலவானை தாண்டிக் குடவ வாசலை அடையும்போது நன்றாக விடிந்துவிட்டது. அட்டைக்குப் பயந்து கால்களில் சவர்க்காரம் பூசிக்கொண்டோம். (அப்படியும் மாமிக்கு மூன்று கடித்தது.) எங்கள் வன்னியில் பாலையும் வீரையும் காய்ந்து நிற்கும், இங்கே எங்கும் ஈரம். 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறித்த காடு இது. எதிர்ப்பு எழுந்து தறிப்பு நின்றது. 1988இல் உலக மரபுரிமையானது. பாதையை விட்டு விலக எனக்குக் கால் எழவில்லை. மிதிவெடிப் பலகைகளோடு வாழ்ந்த பழக்கம்.

முதலில் கண்டது வண்ணத்துப்பூச்சியை. குருவியென்றே நினைத்தேன். கறுப்புச் சிறகு, பின்சிறகில் மஞ்சள், விரித்தால் ஆறு அங்குலத்துக்கு மேல். ஆங்கிலத்தில் 'பேர்ட்விங்', பறவைச் சிறகு என்றே பெயர். இலங்கையில் மட்டும் உள்ளது. ஆணை விடப் பெண் பெரிது. தாய் ஈசுரமூலிக் கொடியைத் தேடி முட்டையிட்டுப் போய்விடும். பிள்ளைகளைக் காண்பதே இல்லை. ஆனால் அந்தக் கொடி நஞ்சு. அதைத் தின்று வளரும் புழுவிலும் நஞ்சேறும், சிறகு முளைத்த பிறகும் அது நிற்கும். பறவைகள் கிட்டப் போகாது.

"அப்ப தாய் விட்டிட்டுப் போகேல்லை, சீதனம் குடுத்திட்டுத்தான் போகுது" என்றார் மாமி.

கொஞ்சத் தூரத்தில் கெஹிபெல்லா. காக்கைக் குடும்பம் என்றால் நம்ப ஏலாது! நீல உடல், செம்பழுப்புத் தலை, சிவந்த சொண்டு, நீண்ட வாலின் நுனியில் வெள்ளை. இதுவும் இலங்கைக்கே உரியது. அடைகாப்பது பெண், ஆனால் குஞ்சுக்கு இரை கொண்டுவரத் தாய் தகப்பனோடு கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளும் வருமாம். வழிகாட்டி சிங்களத்தில் சொல்ல, எங்களோடு வந்த பிள்ளை ஒருத்தி தமிழில் சொன்னாள்.

நான் 2011இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பிள்ளைகளை அம்மாவும் தங்கச்சியும் வளர்த்தார்கள். 'விட்டிட்டுப் போனவள்' என்று ஊர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த இரண்டில் நான் எது என்று யோசித்தபடி நடந்தேன். இரண்டும்தான் போலும்.

கலவானையில் தொலைபேசிக்கு அலை கிடைத்தது. மகளை எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரியம்மா, அட்டை கடிச்சதோ?" என்றாள்.