உருகிக் காத்தது

கிருத்திகை நாளொன்றின் மாலையில், மயிலம் முருகனைத் தரிசித்துவிட்டுத் திண்டிவனத்தில் மகள் வீட்டில் தங்கும் எண்ணத்துடன், பேரனின் காரில் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டோம். விக்கிரவாண்டியை நெருங்கும்போது, எங்களை முந்திச் சென்ற லாரி ஓட்டுநர் கையசைத்து, பின்விளக்குகள் எரியவில்லை என்று எச்சரித்தார்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தால், ஃபியூஸ் உருகியிருந்தது. பேரன் புதிய 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸைச் செருகினான். சற்று தூரத்தில் அதுவும் போயிற்று. மற்றொன்றும் அவ்வாறே. எஞ்சியிருந்தது 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸ் மட்டுமே.

"அதையே போடப்பா, தரிசன நேரம் தவறிவிடும்" என்றேன். என் மனைவியோ, "வேண்டாம், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுவோம்" என்றாள். எப்போதும் தடை சொல்கிறாளே என்று கடிந்துகொண்டேன். ஆயினும் பேரன் பாட்டி சொல்லையே கேட்டான்.

விக்கிரவாண்டியில் ஒரு முதிய எலக்ட்ரீஷியன், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பல்பை இணைத்தார். அது பிரகாசமாக எரிந்தது. பின்விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் ஒளி குறையவில்லை. டிக்கிக் கதவின் கீலருகே ஒயர்க் கட்டை இழுத்ததும் பல்பு மங்கியது. நம்பர் பலகை விளக்கிற்குச் செல்லும் ஒயரின் உறை தேய்ந்து, உள்ளிருந்த கம்பி வண்டியின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. உறை சுற்றி, சிவப்பு ஃபியூஸைச் செருகினார். விளக்குகள் நிலையாக எரிந்தன.

"மஞ்சளைப் போட்டிருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அது எளிதில் உருகாது ஐயா, அதற்குள் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஃபியூஸ் தான் உருகி, வண்டியைக் காப்பாற்றுகிறது. அதன்மேல் கோபப்படலாமா?" என்றார்.

கூட்டேரிப்பட்டில் திரும்பி மயிலம் மலையேறியபோது அபிஷேகம் முடிந்திருந்தது. அலங்காரத்தில் முருகனைக் கண்டோம். எதிர்த்து நின்ற சூரபத்மன் இங்கே மயில் உருவ மலையாகித் தவமிருந்தான் என்பது தலபுராணம். பகைவனையே ஊர்தியாக்கிக்கொண்ட பெருமானின் முன்னே எனக்குத் தலைகுனிவு ஏற்பட்டது. துணையாக நின்றவளையே நான் தடையென எண்ணியிருந்தேன். எத்தனையோ முறை என் சினத்தின் சூட்டைத் தானே தாங்கி உருகி, இல்லத்தைக் காத்தவள் அவள்.

படியிறங்குகையில், "நீ சொன்னதே சரி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல், என் நெற்றியில் திருநீறு இட்டாள்.