சுகர் இல்லாத டயாபடீஸ்

டயாபடீஸ்னு சொன்னாலே நமக்குச் சுகர்தான் ஞாபகம் வரும். ஆனா டயாபடீஸ் இன்சிபிடஸுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளே போற தண்ணி அப்படியே வெளியே போயிடும் என்பதற்கான கிரேக்கச் சொல் டயாபடீஸ். மெலிட்டஸ்னா தேன் மாதிரி இனிப்பு. இன்சிபிடஸ்னா ருசியே இல்லாதது. அந்தக் காலத்து வைத்தியர்கள் சிறுநீரை ருசி பார்த்த காலத்துப் பேர்கள் இவை!

போன வருஷம் என் சித்தி பையன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். சில நாளில் தாங்க முடியாத தாகம், ராத்திரி முழுக்க பாத்ரூம். ரிப்போர்ட்டில் 'டயாபடீஸ்' என்று பார்த்ததும் வீட்டில் அவன் காபியில் சர்க்கரையை நிறுத்தினாங்க. "தண்ணியைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்"னு பாட்டி சொம்பையே எடுத்து வெச்சுட்டாங்க. டாக்டர் கேட்டுப் பதறிட்டார்.

ஏன்னா, இது தண்ணியைத் திரும்ப எடுக்கும் சிஸ்டத்தில் வர்ற ஃபால்ட். மூளையில் ஹைப்போதலாமஸ் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைத் தயாரிக்குது. பிட்யூட்டரி அதைச் சேமிச்சு ரத்தத்தில் விடுது. அந்தச் சிக்னல் கிட்னிக்குப் போனால்தான் தண்ணி ரத்தத்துக்குத் திரும்பும்.

சிக்னல் கிளம்பாமலே போகலாம்: தலைக்காயம், பிட்யூட்டரி பக்கம் கட்டி, அங்கே செய்த ஆபரேஷன். சிக்னல் வந்தும் கிட்னி கேட்காமல் போகலாம்: பரம்பரைக் கோளாறு, பல வருஷம் சாப்பிட்ட லித்தியம் மாத்திரை, ரத்தத்தில் அதிகக் கால்சியம். அபூர்வமா கர்ப்ப காலத்தில், நஞ்சுக்கொடியின் ஒரு என்சைம் ஹார்மோனை வழியிலேயே அழிச்சிடும்.

இதில் தாகம் நோய் இல்லை, உடம்போட பேக்கப். அதையும் பிடுங்கிட்டா ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையே பாதிக்கும். 2009ல் லண்டனில் இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த 22 வயது இளைஞருக்கு இன்சிபிடஸ் இருந்தது. அதற்கான மருந்தை வார்டில் கொடுக்கலை. தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே போலீஸுக்குப் போன் பண்ணினார். கடைசியில் நீரிழப்பால் இறந்தே போனார், ஆஸ்பத்திரிக்குள்ளேயே.

இந்தப் பேர்க் குழப்பம் ஆபத்து என்பதால்தான் 2022ல் நிபுணர்கள் புதுப் பேர் முன்வைத்தாங்க: ஹார்மோன் வராவிட்டால் வாசோபிரெசின் குறைபாடு, கிட்னி கேட்காவிட்டால் வாசோபிரெசின் எதிர்ப்பு. பேரிலேயே காரணம் இருக்கு. தம்பி இப்போ டெஸ்மோபிரெசின் எடுத்துக்கிட்டு காலேஜ் போறான். அவன் பர்ஸில் இருக்கும் கார்டில் அந்தப் புதுப் பேர்தான் எழுதியிருக்கு.