யாம் மீன் தெரிந்த வரலாறு

2023-ஆம் ஆண்டில் யாம் நிறங்கண்டு மயங்கி வாங்கிய பைட்டர் மீன் ஒன்பதாம் நாள் இறந்தது. தங்கை அழுதாள். ஆதலின் மறுமுறை கொளத்தூர் மீன்கடையொன்றிற் பொறுமையுடன் நின்றோம்.

தாய்லாந்து நாட்டு வயல்நீரிலும் வாழும் இம்மீன், செவுளாலன்றி நீர்மேல் வந்து காற்றை உண்டும் உயிர்க்கும் இயல்பிற்று; அதனாற் சிறு குப்பியிலும் உயிர் தரித்திருக்கும். அதனையே நலமென்பர் வணிகர்! துடுப்பு ஒடுங்காமை, கண் தெளிவு, உப்புத்துகள் போன்ற வெண்புள்ளியின்மை, செதில் சிலிர்த்து நில்லாமை ஆகியவற்றை நோக்கினோம். பின் கைக்கண்ணாடியைக் காட்டினோம். நீலப் பேரழகன் ஒருவன் அடியிற் கிடந்தபடியே கிடந்தான். மங்கிய செந்நிறத்தான் ஒருவனோ செவுள் விரித்துப் பாய்ந்தான். அவனையே கொண்டோம். நீலனை விட்டு வந்தமை இன்னும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

நிறங்கண்டு முகஞ்சுளித்த தங்கை, மூன்றாம் நாட் காலையில் நீர்மேல் நுரைக்கூடு கண்டு எம்மை உலுக்கி எழுப்பினாள்.