பத்து மீட்டர் தொலைவில் ஒரு ஞாயிறு



துப்பாக்கி என்ற சொல் நம் வீடுகளில் எளிதாகப் புழங்குவதில்லை. கடற்கரையில் பலூன் சுடும்போதும், கந்தூரிக் கடைத்தெருவில் பிள்ளைகள் வரிசையில் நின்று குறிபார்க்கும்போதும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறோம். அதே பொருளை விலை கொடுத்து வாங்கப்போவதாகச் சொன்னால் முகங்கள் மாறிவிடுகின்றன. சென்ற அரையாண்டு விடுமுறையில் என் மகனுக்காக ஓர் ஏர் பிஸ்டல் வாங்கப்போவதாக நான் சொன்னபோது, என் தாயார் வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாப் பிள்ளைங்களும் விளையாடலாம் தம்பி. நம்ம பிள்ளைங்க கையில அதப் பாத்தா ஊரு வேற மாதிரி பேசும்" என்றார்கள்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் சமுதாயத்தின் பல ஆண்டுக் கவலை அடங்கியிருக்கிறது. அதை மூதாட்டியின் வீண் அச்சம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், சட்டம் அனுமதித்த ஒரு விளையாட்டு, ஒலிம்பிக் மேடைவரை செல்லும் ஒரு விளையாட்டு, என் மகனின் பெயரைக் கேட்டதும் குற்றமாகிவிடுமா என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இதில் வெடிமருந்து கிடையாது. நாங்கள் வாங்கியது உள்நாட்டுத் தயாரிப்பு. குழலை மடக்கினால் உள்ளே வில்சுருள் இறுகும், விசையை இழுத்தால் அது விடுபட்டுக் காற்றை அழுத்தி ஈயக் குண்டைத் தள்ளும். விலை ஏழாயிரத்துச் சொச்சம். போட்டியாளர்கள் பயன்படுத்தும் வெளிநாட்டுத் துப்பாக்கிகள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். கடைக்காரர் அடையாள அட்டையின் நகலையும் முகவரிச் சான்றையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒளிவுமறைவின்றிப் பெயரை எழுதிவிட்டு வாங்கிய பொருளுக்கு அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

செய்தி தெரிந்ததும் நண்பர் ஒருவர், "வயலில் கொக்கு நிறைய இறங்குகிறதே, பையனைக் கூட்டிப்போங்கள்" என்றார். பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நம்மால் அதைச் செய்ய முடியாது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்த குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்ட நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு என்று அவர்கள் பேசிவைத்திருந்தார்கள். இப்னு உமரைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் அவர்களுக்கு எச்சரித்தார்கள். இதை மகனிடம் சொன்னபோது, "அப்ப அட்டைதான் அத்தா" என்று அவனே முடித்துவிட்டான்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலுள்ள ஒரு துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்துக்குக் குடும்பமாகப் புறப்பட்டோம். நான், என் மகன், அக்கா, மச்சான், பத்தாம் வகுப்பு படிக்கும் அவர்களுடைய மகள் ஆகிய ஐவரும் போவதாகத்தான் ஏற்பாடு. வண்டி கிளம்பும் நேரத்தில் தாயாரும் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்துவிட்டார்கள். "என்னதான் செய்றீங்கன்னு நானும் பாக்கணும்ல" என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பயிற்சியாளர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் முக்கால் மணி நேரம் யாரையும் அவர் சுட விடவில்லை. விதிகளை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு இல்லை என்று தெரிந்த துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். குழல்முனை எந்நேரமும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். குறிபார்த்து முடிக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் வண்ண நாடா ஒன்று செருகப்பட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்தாலே உள்ளே குண்டில்லை என்பது அனைவருக்கும் விளங்கும்.

வில்வித்தையின் சிறப்பைச் சொல்லும் நபிமொழிகளை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆயுதம் ஏந்துபவர் பேண வேண்டிய ஒழுங்குகளைச் சொல்லும் நபிமொழிகளை அவ்வளவாகக் கேட்பதில்லை. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் படாதவாறு அவற்றின் கூர்முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைத் தடுத்தார்கள். அவரை அறியாமலேயே ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். இவ்விரண்டும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவானவை. ஹவில்தார் சொன்ன விதிகளைக் கேட்டுக்கொண்டிருந்த என் அக்கா, "இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?" என்று மெல்லச் சொன்னார்.

அதன்பின் சுடும் கலை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய பாடம் இதற்குள்தான் இருந்தது.

பத்து மீட்டர் தொலைவில் 17 சென்டிமீட்டர்ச் சதுர அட்டை தொங்குகிறது. நடுவில் 59.5 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவட்டம். அதன் மையத்தில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. அங்கிருந்து வெளியே ஒவ்வொரு எட்டு மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும்.

புதிதாக வருபவர் எவரும் அந்தக் கருவட்டத்தையே உற்றுப் பார்ப்பார். பயிற்சியாளர் அதைத் தடுத்தார். துப்பாக்கியின் முன்முனையில் ஒரு குறிமுள் இருக்கிறது, பின்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. முள் பள்ளத்தின் நடுவில் நேராக நிற்கிறதா என்பதில்தான் கண் ஊன்ற வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார். காரணத்தையும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் எங்கள் துப்பாக்கியில் முள்ளுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். முள் அங்கே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், பத்து மீட்டர் தொலைவில் அது 33 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்தில் விழ வேண்டியது கருவட்டத்துக்கு வெளியே, ஆறில் போய் விழும். கையின் நடுக்கம் மன்னிக்கப்படுகிறது. அருகிலிருக்கும் சிறு கோணல் மன்னிக்கப்படுவதில்லை.

விலை மலிவான துப்பாக்கி இன்னொன்றையும் கற்றுத்தந்தது. விலையுயர்ந்த துப்பாக்கியில் விசை அரைக் கிலோ இழுவைக்கே இணங்கிவிடும். எங்களுடையதற்கு இரண்டு கிலோ வேண்டியிருந்தது. மேலும், வில்சுருள் விடுபடும்போது குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி ஒருமுறை உதறும். இறுக்கிப் பிடித்தால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் வேறு திசையில் போகும். இளக்கமாகப் பிடித்து, சுட்ட பின்னும் ஓரிரு நொடி அசையாமல் நின்றால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேரும். "முடிஞ்சிருச்சுன்னு கையை இறக்கிடாதீங்க. சுட்டதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருங்க" என்பார் பயிற்சியாளர்.

என் மகன் கைப்பேசி விளையாட்டில் நிமிடத்துக்கு நூறு குண்டு பொழிபவன். இங்கே முதல் பத்துக் குண்டுகளை மூன்று நிமிடத்தில் தீர்த்துவிட்டான். அட்டையில் இருந்தவை நான்கே துளைகள். பயிற்சியாளர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு குண்டைக் கொடுத்து, "எட்டு நொடிக்குள் மனசுக்குச் சரின்னு படலைன்னா சுடாம இறக்கிடு" என்றார். அவன் உயர்த்தினான், இறக்கினான். மறுபடி உயர்த்தினான், இறக்கினான். நான்காம் முறை சுட்டான், ஒன்பது. முகத்தில் மலர்ந்த சிரிப்பைவிட, அதற்கு முன் மூன்று முறை சுடாமல் இறக்கினானே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. சினம் வந்த நேரத்தில் நாவைச் சுடாமல் இறக்கிவைக்க இப்படியொரு பயிற்சி நமக்கெல்லாம் கிடைத்தால் எத்தனை வீடுகள் நிம்மதியாக இருக்கும்!

சற்று நேரத்தில் பிள்ளைகள் இருவரும் இடக்கையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் நின்ற பாணியாம். 2024 ஜூலை 30 அன்று நடந்த பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் அவருடைய அணி வெள்ளி வென்றது. அதே போட்டியில் வெண்கலம் நம் நாட்டின் மனு பாக்கருக்கும் சரப்ஜோத் சிங்குக்கும். அந்தக் கை பகட்டுக்காக அல்ல, தோள் ஆடாமல் இருக்கவே அப்படி வைக்கப்படுகிறது என்று பயிற்சியாளர் விளக்கினார்.

மதியத் தொழுகைக்கும் பிரியாணிக்கும் பிறகு போட்டி. தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு, வென்ற அணி எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். அக்கா தடுத்துவிட்டார். இருதரப்பும் பணம் வைத்து வென்றவர் அள்ளிச் செல்வது சூதாகிவிடும் என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் தரும் பரிசுக்குத் தடையில்லை. ஆகவே அக்கா போட்டியிலிருந்து விலகி, ஒரு கிலோ பேரீச்சம்பழத்தைப் பரிசாக அறிவித்தார். நானும் மகனும் ஓர் அணி. மச்சானும் மகளும் மற்றோர் அணி. ஆளுக்குப் பத்துக் குண்டுகள்.

பிள்ளைகள் இருவரும் என் தாயாரிடம் ஓடி, நீங்கள் யார் பக்கம் என்று நச்சரித்தார்கள். "ரெண்டு பக்கமும் எம்புள்ளைங்கதான். எல்லார் பக்கமும் நானிருக்கேன், போங்க" என்றார்கள். நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்த இடத்தைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல்களே என்று அழைத்து ஊக்கப்படுத்தி, ஒரு சாராரின் பக்கம் தாம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறுசாரார் கைகளை நிறுத்திவிட்டார்கள்; தாங்கள் அவர்களுடன் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்பது அவர்களுடைய தவிப்பு. அதைக் கேட்ட நபியவர்கள், தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி அவர்களைத் தொடரச் செய்தார்கள். புகாரியில் உள்ள இந்த நிகழ்வை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். விளையாட்டில் எவர் மனமும் சுருங்கிவிடக் கூடாது என்ற அந்தக் கனிவை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மச்சான் அணி 142, நாங்கள் 131. பேரீச்சம்பழத்தை எல்லோரும் தின்று தீர்த்தோம். ஈயம் நஞ்சு என்பதால் தின்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தார் பயிற்சியாளர்.

திரும்பும் வழியில்தான் கடினமான கேள்வி வந்தது. தன் வகுப்புத் தோழன் ஒருவன் துப்பாக்கியுடன் எடுத்த படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறானாம். தானும் வைக்கலாமா என்று மகன் கேட்டான். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. அவனே கேட்டான்: "நான் வச்சா மட்டும் தப்பா அத்தா?"

தப்பில்லை என்று சொல்வது உண்மை. தப்பாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருப்பது நம் காலத்தின் துயரம். நான் இப்படிச் சொன்னேன்: "காலையிலிருந்து நீ விரலை விசையில் வைக்காமல் அடக்கினாய். அது ஒழுக்கத்தால் வந்த அடக்கம், அதை விட்டுவிடாதே. யாரோ என்ன நினைப்பார்களோ என்று ஒளிந்துகொள்வது வேறு. அது அச்சத்தால் வருவது. இதில் எதைச் செய்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் உன்னை நீயே கேட்டுக்கொள்."

முடிவைச் சொன்னது என் தாயார்தான். "அந்த அட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அந்தப் படத்தப் போடட்டும்" என்றார்கள். அதில் மகன் துளைகள் விழுந்த அட்டையை ஏந்தி நிற்கிறான். பின்னால் மேசையில், குழலில் நாடா செருகிய துப்பாக்கி இலக்கை நோக்கிக் கிடக்கிறது. பயிற்சிக்கூடத்தின் பெயர்ப்பலகையும் தெரிகிறது. மறைப்பதற்கு அதில் எதுவுமில்லை; மிரட்டுவதற்கும் எதுவுமில்லை. அன்றிரவே அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் வசிக்கும் சகோதர சமய நண்பர் ஒருவர் அழைத்து, தம் மகளையும் சேர்க்க வேண்டும் என்று கூடத்தின் முகவரியைக் கேட்டார்.

நம் பிள்ளைகளை எல்லா வாசல்களிலிருந்தும் விலக்கி நிறுத்துவது பாதுகாப்பாகத் தோன்றலாம். நேரான வாசல் வழியே, பெயரை எழுதிவிட்டு, பெரியவர்களின் கண்முன்னே, ஒழுங்குகளைக் கற்றுக்கொண்டு நுழையச் செய்வதே நிலைத்த பாதுகாப்பு. துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை; நீச்சல், வில்வித்தை, குதிரையேற்றம் என எதுவாகவும் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அச்சமற்ற உள்ளத்தையும் அடக்கமான கரங்களையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.