முதுகில் எழுதிய பெயர்கள்

2021 மே மாதத்தில் எங்கள் கோவிட் வார்டில் யாருக்கும் முகம் கிடையாது. வெள்ளை பிபிஇ கவச உடை, அதற்கு மேல் கண்ணாடி, அதற்கும் மேல் ஷீல்டு. உள்ளே இருப்பது டீனா, சாப்பாட்டு டிராலி தள்ளுகிற பையனா என்று கண்டுபிடிக்க முடியாது. போட்ட கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும். காதை தொப்பி அடைத்திருப்பதால் பேசுவதும் பாதிதான் கேட்கும். அதனால் உள்ளே போகுமுன் ஒருவர் முதுகில் ஒருவர் மார்க்கரால் பெயர் எழுதிவிடுவோம். பெயர், அதற்குக் கீழே வேலை. மார்பிலும் அதேபோல.

இதை ஆரம்பித்துவைத்தவள் மயக்கவியல் பிரிவில் பி.ஜி. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். என் மகள் வயது. ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவேன். "சிஸ்டர்னு கூப்பிட்டா ஒண்ணு பத்து பேர் திரும்புறீங்க, இல்லேன்னா ஒருத்தருமே திரும்புறதில்ல" என்று சிரித்தாள். சிட்னியில் ராப் ஹாக்கெட் என்கிற மயக்க மருத்துவர் 2017இல் தியேட்டர் தொப்பியில் தன் பெயரையும் வேலையையும் எழுதிக்கொண்டு நின்றாராம். சொந்தப் பேரே மறந்துபோச்சா என்று கேலி செய்தவர்களும் இருந்தார்களாம். எங்களைக் கேலி செய்ய அந்த மாதம் யாருக்கும் நேரமில்லை.

ஹவுஸ் கீப்பிங் அக்காவின் முதுகில் நான்தான் எழுதினேன். குள்ளமான உருவம். பிபிஇ கால் சட்டையை இரண்டு மடிப்பு மடித்து பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். பெயரை எழுதி முடித்ததும் திரும்பி, கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முதுகைப் பார்க்க முயன்றார். "இங்க வந்ததுலேர்ந்து 'ஏம்மா'தான் சிஸ்டர் எம் பேரு" என்றார். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். புது அரசு பதவியேற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஊரடங்கு, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்தைத் தாண்டிய தொற்று, எங்கிருந்தெல்லாமோ ரயிலில் வந்த ஆக்ஸிஜன். அதையெல்லாம் வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்துத்தான் நாங்களும் தெரிந்துகொண்டோம். உள்ளே எங்களுக்கு இருந்த உலகம் ப்ளீச்சிங் நெடியும், வியர்வையும், யாரோ உரித்துச் சாப்பிடாமல் வைத்த சாத்துக்குடியின் வாசனையும்தான். அப்புறம் அந்தச் சத்தம். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு தண்ணீர் பாட்டில். ஆக்ஸிஜன் அதன் வழியாகக் குமிழியிட்டு வரும். வார்டு முழுக்க ஒரே நேரத்தில் குமிழியிடுகிற சத்தம் இரவில் மழைபோல இருக்கும். இப்போது அந்த வார்டைப் பிரித்து, வெள்ளை அடித்து, வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது எனக்கு இன்னும் காது அடைக்கும்.

அந்த மே மாதத்துக்கு நாலைந்து மாதம் முன்பு, முதல் அலை அடங்கி எல்லோரும் 'முடிஞ்சுது' என்று மூச்சு விட்ட நேரத்தில், எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பயிற்சி என்றால் எங்களுக்குத் தெரியாதா? பேனர், குத்துவிளக்கு, பிபிடி, டீயும் சமோசாவும், கையெழுத்து, குரூப் போட்டோ. அன்று வந்தவர் ஒரு மயக்க மருத்துவர். ஊசியைப் பற்றியோ டியூபைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. விமானங்களைப் பற்றிச் சொன்னார்.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையில் இன்னொரு ஜம்போ விமானம் இருக்கும்போதே கேஎல்எம் விமானம் கிளம்புகிறது. எதிரே உள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்கிறார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆள். விலகிவிட்டது என்று அடித்துச் சொல்கிறார். இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர். அடுத்து 2010 மே 22, மங்களூர், துபாயிலிருந்து வந்த விமானம். இறங்க வேண்டாம், மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்குகிறார். 158 பேர். அதைச் சொன்னபோது அரங்கில் சமோசா கவர் சத்தம்கூட நின்றது. எங்களில் பலர் வீட்டில் வளைகுடாவுக்குப் போன ஆள் உண்டு.

கடைசியாக எங்கள் தொழிலுக்கு வந்தார். 2005இல் இங்கிலாந்தில் ஒரு விமானியின் மனைவி, சைனஸுக்கான சின்ன ஆபரேஷன். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. அனுபவம் உள்ள மருத்துவர்கள் தொண்டை வழியாக டியூபைப் போடும் முயற்சியிலேயே மூழ்கிவிடுகிறார்கள். கழுத்தில் துளை போடுவதற்கான செட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்தாயிற்று. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்தக் கணவர் அதன் பிறகு மருத்துவமனைக்காரர்களிடம் இதைத் தொடர்ந்து சொல்லிவந்தார்.

பேச்சு முடிந்ததும் ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து நடிக்கச் சொன்னார். அங்கேதான் அவர் ஒரு வேலை செய்தார். எங்கள் துறைத் தலைவரை ஹவுஸ் கீப்பிங் ஆளாக்கினார். அவர் காதில் மட்டும், 'சிலிண்டர் காலி என்பது உங்களுக்குத்தான் தெரியும்' என்று சொல்லிவைத்தார். பி.ஜி.க்கள், நர்ஸ்கள், எல்லோரும் பொம்மையைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தோம். துறைத் தலைவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் 'சார், சிலிண்டர்' என்றார். நாங்கள் யாரும் திரும்பவில்லை. பொம்மை 'செத்தது'. முப்பது வருஷ சர்வீஸில் அவர் ஒரு வார்த்தை சொல்லி நாங்கள் கேட்காமல் இருந்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "என்னை யாருமே பார்க்கலியே" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை. கடைசி வரிசையில் நின்று இதைப் பார்த்தவர்களில் அந்த பி.ஜி. பெண்ணும் ஒருத்தி.

அந்த மே மாதக் கடைசியில் ஒரு நைட் டூட்டி. பதினோராம் கட்டிலில் ஒரு நெசவாளி. பட்டுத்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முன்பக்கமாக வளைந்த முதுகு. குப்புறப் படுக்கச் சொன்னால் குழந்தைபோல் அடம்பிடிப்பார். விரல்நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்ததால் சாட்சுரேஷன் கிளிப் சில நேரம் எடுக்காது. காது மடலில் மாட்டுவோம். தன் மாஸ்க்கோடு தொங்குகிற பையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது உப்பியிருந்தால் அவருக்கு நிம்மதி.

டூட்டி மாற்றிக் கொடுக்கும்போது வழக்கம்போல நின்று பேசினோம். எந்தெந்தக் கட்டில் மோசம், சிலிண்டர் எங்கே எத்தனை, ஆக்ஸிஜன் லைன் போனால் யார் எந்தப் பக்கம். இரண்டு நிமிடம்தான். அக்காவும் வட்டத்தில் நின்றார்.

பின்னிரவில் அக்கா மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "சிஸ்டர், சத்தம் கம்மியாவுது." எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். பாட்டில்களைக் காட்டினார். நான் பார்ப்பதற்குள் அவரே திரும்பி, அந்த பி.ஜி. பெண்ணின் மார்பில் எழுதியிருந்த பெயரைப் படித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மேடம், பாட்டிலு கொதிக்கல. எல்லா பாட்டிலும்."

அவள் அப்போது ஒரு நோயாளிக்கு ரத்தக்குழாயில் லைன் போட்டுக்கொண்டிருந்தாள். கையை எடுத்தாள். சுவரைப் பார்த்தாள். பிரஷர் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லாம் ஓட்டம். வார்டு நடுவில் வந்து நின்று, "லைன் பிரஷர் விழுது, சிலிண்டருக்கு மாத்துறோம், பை-பேப் மெஷின் கட்டில் முதல்ல" என்று உரக்கச் சொன்னாள். ஒவ்வொருவர் முதுகையும் பார்த்துப் பெயர் சொன்னாள், நீங்க நாலு, நீங்க ஏழு, நீங்க மேனிஃபோல்டு ரூம். நாலு, நான் போறேன். ஏழு, நான் போறேன். திருப்பிச் சொல்லாமல் யாரும் நகரவில்லை. ஸ்பேனர் எங்கே, ஸ்பேனர் இங்கே, பதினொன்று 84, பதினொன்று 78, பை தட்டையாகிவிட்டது, நெசவாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், சிலிண்டர் உருளும் சத்தம், யாரோ அழுகிறார்கள், அக்கா வெளியே டேங்க் பக்கம் ஓடுகிறார், பதினொன்று சிலிண்டரில், பதினொன்று சிலிண்டரில், 80, 85, பை உப்புகிறது.

வெளியே திரவ ஆக்ஸிஜனை வாயுவாக்குகிற வேப்பரைசர் முழுக்கப் பனிக்கட்டி கட்டியிருந்தது. இவ்வளவு இழுப்பை அது அதற்கு முன் கண்டதில்லை. வாட்ச்மேனும் ஆபரேட்டரும் அக்காவும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பனியை உருக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் முள் மேலே வந்தது. வார்டில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

அன்றிரவு லைன் விழுந்ததால் யாரும் சாகவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் வேறு காரணங்களுக்காக எத்தனையோ பேர் போனார்கள். நெசவாளியும் போனார். மகன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று எப்படிச் சொல்வது? தறியில் பாதிச் சேலை இருக்கிறது என்றார் என்றேன். அது உண்மைதான், இரண்டு நாள் முன்பு சொல்லியிருந்தார்.

'தைரியமாகப் பேசுங்கள்' என்று இப்போது எங்கள் காரிடாரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும். அக்காவுக்குத் தைரியம் எப்போதும் இருந்தது. குடித்துவிட்டு வருகிற புருஷனை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்கு நாம் தைரியம் சொல்லித்தர வேண்டுமா? அந்த ராத்திரி புதிதாக நடந்தது, ஒரு டாக்டர் பாதி வேலையில் கையை எடுத்துச் சுவரைப் பார்த்தது. முன்பென்றால் 'இருங்கம்மா' என்ற ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஒரு சொல்லை விழுங்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அது மேலே இருப்பவர்களுக்கான பயிற்சி. திரும்பத் திரும்பச் செய்துபார்த்தால்தான் வரும். சமோசா சாப்பிட்டு வராது.

அந்த பி.ஜி. பெண் இப்போது வேறு மாவட்டத்தில் உதவிப் பேராசிரியர். எங்களோடு நின்ற கோவிட் ஒப்பந்த நர்ஸ்கள் 2022 டிசம்பரோடு வெளியே வந்து, வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கான்ட்ராக்டர் மாறியதில் அக்காவின் வேலையும் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தரை துடைக்கிறார். போனால் டீ வாங்கித் தருவார், நான் காசு கொடுத்தால் சண்டைக்கு வருவார். "அந்த பொம்ம வெளாட்டு இன்னும் நடக்குதா சிஸ்டர்?" என்று போன மாதம் கேட்டார்.

நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம், நானும் கூட நின்று நடத்துகிறேன். வருகைப் பதிவில் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் என்று மூன்று கட்டம்தான். ஹவுஸ் கீப்பிங், வாட்ச்மேன், சிலிண்டர் தூக்குகிறவர்கள் பெயரை அடியில் பேனாவால் எழுதி அனுப்பினேன். இவர்கள் நிறுவன ஊழியர்கள் அல்ல, பட்டியலில் சேர்க்க இயலாது என்று ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.